ஒரு நாளைக்கு மூன்று இல்லை

எங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல கம்பெனி. இன்னும் அங்கேதான் எனக்குச் சோறு என்பதால் இன்னொரு தடவையும் சொல்லிவிடுகிறேன், நல்ல கம்பெனி. அம்பத்தூர் எஸ்டேட்டில் நூற்று நாற்பது பேர் வேலை செய்யும் இடம். ஸ்கூட்டர், பைக் இவற்றின் பிரேக் லீவருக்குள் உட்காருகிற புஷ் செய்கிறோம். சுண்டுவிரல் நுனியளவு பித்தளை வளையம், நடுவில் ஒரு துளை, அவ்வளவுதான் சமாசாரம். துளை சரியாக இருந்தால் பிரேக் பிடிக்கும். துளை ஒரு மயிரிழை பெரிசாகிவிட்டால் லீவர் ஆடும், பிரேக் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிடிக்கும். அந்த யோசனைக்குள் முன்னால் போகிற லாரி பக்கத்தில் வந்துவிடும்.

நான் டில்லிபாபு. பத்தொன்பது வருஷமாக அங்கே இன்ஸ்பெக்‌ஷன். துளை பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதற்கு ஒரு கேஜ் உண்டு, சாண் நீள எஃகுக் குச்சி. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், அதன் பெயர் ‘கோ’. மறுமுனை போகக் கூடாது, அதன் பெயர் ‘நோ கோ’. அதுவும் போய்விட்டால் துளை பெரிசு என்று அர்த்தம். பீஸ் சிவப்பு டப்பாவுக்குப் போகும். நல்லவை பச்சை டப்பாவுக்கு. பச்சை டப்பா நிறைந்ததும் சீட்டில் நான் சீல் குத்துவேன். ஏழாம் நம்பர் சீல். அது விழாமல் ஒரு பெட்டி கேட்டைத் தாண்டாது. முதலாளியே வந்து கேட்டாலும் தாண்டாது. எனக்கென்று இந்த உலகத்தில் இருக்கிற ஒரே அதிகாரம் அதுதான். வீட்டில் டிவி ரிமோட் கூட என் கையில் இல்லை.

சேக்காட்டில் வீடு. காலை நாலே முக்காலுக்கு எழுந்திருப்பேன், தண்ணீர் வருகிற நேரம் அது. ஆவடியில் லோக்கல் பிடித்து, பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து, ஏழு நாற்பதுக்கு என் மேஜையில் இருப்பேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். கேஜை எண்ணெய்த் துணியால் துடைத்து, பத்து நிமிஷம் தொடாமல் வைத்திருப்பேன், கைச் சூட்டில் எஃகும் துளி பருக்கும் என்பதால். பத்தொன்பது வருஷம் இதைச் செய்ததற்குப் பெயர் ஒழுக்கம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலை என்று நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன்.

முதலாளி அழகேசன் ஒரு காலத்தில் சொந்தக் கையால் லேத் ஓட்டியவர். போன ஆடி மாதம் கடற்கரைப் பக்கம் ஏதோ ரிசார்ட்டில், வெற்றியாளர்களின் காலை எப்படி இருக்கும் என்று மூன்று நாள் முகாம் நடத்தினார்களாம். போகும்போது நம் மாதிரிதான் போனார். வரும்போது நிர்மல் என்கிற தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

நிர்மலுக்கு முப்பது வயசிருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம். பாரிவாக்கத்தில் புது பிளாட்டில் குடியிருந்தார். காதோரமாக ஒரு மைக் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். தங்கமான பையன், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார், அதனால் அவரோடு சண்டை போடவும் வழியில்லை. அவருக்காகக் கம்பெனியில் ஒரு துறையே திறந்தார்கள். நற்பழக்கத் துறை. ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி ஏசி போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டோர் சாமானெல்லாம் மழையில் நனைந்தது.

திறப்பு விழாவில் முதலாளி மனம் திறந்து பேசினார். “இருபத்தாறு வருஷமா இந்தக் கம்பெனிய நடத்துறேன். போன வாரம்தான் வாழ்க்கையில முதல் தடவையா காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சேன். எழுந்து மொட்டை மாடியில நின்னு பார்த்தேன். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, உங்க யாருக்கும் ஒழுக்கம் பத்தாதுன்னு.”

நாங்கள் கைதட்டினோம். ஐயப்பனுக்கு ஒரு மண்டலம் விரதம் இருக்கிறோம், கம்பெனிக்கு ஒரு மண்டலம் இருக்கக் கூடாதா என்று கேட்டார். நாற்பத்தெட்டு நாள் நற்பழக்க மண்டலம் அன்றைக்குத் தொடங்கியது. ஆளுக்கொரு கார்டு. தினம் பத்துப் பழக்கம், பழக்கத்துக்கு ஒரு டிக். எதிர்மறையாக ஒரு வார்த்தை பேசினால் ஒரு டிக் போச்சு. மண்டலம் முடியும்போது நூற்றுக்கு எழுபது தேற வேண்டும், தேறாதவர் இப்போது பார்க்கிற பொறுப்பில் இருக்க முடியாது. எனக்கு அது எப்படிக் கேட்டது என்றால், சீல் போய்விடும் என்று கேட்டது.

முதல் பழக்கம், ஐந்து மணிக்கு எழுந்து உதிக்கும் சூரியனோடு ஒரு செல்ஃபி. ஐந்து மணிக்குச் சூரியன் ஏது? தெருவிளக்கோடு எடுத்து அனுப்பினோம். நிர்மல் அதையும் ஏற்றுக்கொண்டு, ஒளியைத் தேடும் மனம் என்று பதில் போட்டார். இரண்டாவது, படுக்கையை ஒழுங்கு செய்து போட்டோ. நான் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தி அனுப்பினேன். விரிப்பு சுருக்கமில்லாமல் விரிந்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் ஹால் ஒன்றுதான், படுப்பதும் சாப்பிடுவதும் அங்கேதான். சுருட்டின பாயை மறுபடி விரித்து, மேலே நல்ல பெட்ஷீட்டை இழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து, டிக் வருகிறவரை யாரும் மிதிக்காமல் சுவரோரமாக நடந்தோம். ஒருநாள் ஆறேகால் வரை டிக் வரவில்லை. என் மனைவி லோகநாயகி அடுப்புக்கும் பாத்ரூமுக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வந்தாள், என்னைப் பெற்றவர்களையும் இடையில் விசாரித்தாள்.

மூன்றாவதுதான் கண்ணாடி. வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி மாட்டினார்கள். ஒவ்வொருவரும் அதன் முன் நின்று ஏழு விநாடி தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கைரேகை வைக்க வேண்டும். நூற்று நாற்பது பேர், ஆளுக்கு ஏழு விநாடி. பதினாறு நிமிஷம் வரிசை. எட்டு மணி ஷிப்டுக்கு முக்கால்வாசிப் பேர் தாமதம் என்று பதிவானது. இத்தனை வருஷம் நேரத்துக்கு வந்தவர்கள் நற்பழக்கம் தொடங்கியதும் தாமதமாக வருகிறார்கள், அப்படியென்றால் கெட்ட பழக்கம் உள்ளுக்குள் எவ்வளவு ஆழமாக இருந்திருக்கிறது பாருங்கள் என்று நிர்மல் மைக்கில் வருத்தப்பட்டார். அப்புறம் ஆறு ஆறு பேராகச் சிரிக்க அனுமதி கிடைத்தது. நான் சிரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் சிரிக்கிறவன் கண்ணில் பட்டுவிட்டால் எனக்கு அழுகை வரும்.

வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கும் போன் வரும், மனப்பான்மை எப்படி இருக்கிறது என்று குடும்பத்தாரிடம் கேட்பார்கள். லோகநாயகியிடம், சார் இப்போதெல்லாம் பாசிட்டிவாகப் பேசுகிறாரா என்று நிர்மல் கேட்டார்.

“அவரு ஊட்ல வாயத் தொறந்தாத்தான தம்பி தெரியும். கொயம்பு நல்லா கீதான்னு கேட்டா தட்ட நீட்டுவாரு. நீட்னா நல்லா கீதுன்னு நானே புரிஞ்சிக்கினு ஊத்துவேன். அத்த நீ எதுல வேணா போட்டுக்கோ.”

அந்த வாரம் எனக்கு மௌன நன்றியுணர்வு என்று இரண்டு டிக் கூடுதலாக விழுந்தது. மண்டலத்திலேயே எனக்குக் கிடைத்த ஒரே போனஸ் அதுதான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கூழைக் கும்பிடு போட்டாவது எழுபதைத் தொட்டுவிட்டால் சீல் கையில் இருக்கும் என்பதுதான் கணக்கு. ஆனால் என் வேலையிலேயே வந்து கை வைத்தார்கள். ஆறாம் நாள் நிர்மல் என் மேஜைப் பக்கம் வந்து அரை மணி நேரம் நின்றார். நான் பீஸை எடுத்துப் பார்ப்பதும், ரிஜெக்ட் என்று சொல்லிச் சிவப்பு டப்பாவில் போடுவதும், நோட்டில் எழுதுவதுமாக இருந்தேன். அவர் கார்டை வாங்கிப் பதினொரு டிக்கை அடித்தார். அன்றைக்கு இருந்ததே பத்துத்தான், ஒன்று மறுநாள் கணக்கில் கழிந்தது.

தம்பி, கெட்ட பீஸைக் கெட்டது என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம் என்று எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். யோசித்துப் பார்த்து, என் வேலையின் தனித்தன்மையை முன்னிட்டு விசேஷ சலுகை ஒன்று கொடுத்தார். எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு மூன்று ‘இல்லை’. மூன்று வரை சொல்லலாம், டிக் போகாது. அதற்கு மேல் வருகிற பீஸை, முன்னேற வாய்ப்புள்ளது என்று சொல்ல வேண்டும். சிவப்பு டப்பாவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, சூரியகாந்திப் பூ வரைந்து, ‘வாய்ப்புகள்’ என்று எழுதினார்கள். வாய்ப்புகள் என்று எழுதிய டப்பாவில் இருப்பதை எப்படித் தூக்கிப் போடுவது என்று டிஸ்பாட்ச்காரர்களுக்குக் குழப்பம். நல்ல பெட்டியோடு சேர்த்துக் கட்ட வந்தார்கள். நான் டப்பா மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

இந்தச் சலுகை விஷயம் எப்படியோ வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. என் மகன் அஸ்வின் காலேஜ் முதல் வருஷம். ஒருநாள் சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாண்டிச்சேரிக்கு மூன்று பேராக ஒரே பைக்கில் போய்வரலாமா என்று கேட்டான். பகல் முழுக்கப் பழகின வாய், முன்னேற வாய்ப்புள்ள யோசனை என்று சொல்லிவிட்டது. பயல் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு பையைக் கட்டினான். நல்லவேளை, லோகநாயகிக்கு எந்தத் துறையிலும் கார்டு இல்லை. சமையலறையிலிருந்தே ஒரு வார்த்தையில் முடித்தாள்.

இருபதாம் நாள் நிர்மல் என் கேஜைக் கையில் எடுத்துப் பார்த்தார். எடுத்தவர் அதில் பொறித்திருந்த ‘நோ கோ’வைப் படித்தார். முகம் மாறிப்போயிற்று. இது எதற்கு என்று கேட்டார். இந்த முனை உள்ளே போகக் கூடாது தம்பி, போகிறதா என்று பார்ப்போம் என்றேன்.

“போகக் கூடாதுன்னு நினைச்சுட்டேதான் உள்ள விடறீங்களாங்ண்ணா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ரெண்டாயிரமா? பத்தொம்பது வருஷமா தினம் ரெண்டாயிரம் தடவை சந்தேகப்பட்டிருக்கீங்க. பீஸு பாவமுங்க. நீங்களும் பாவமுங்க.”

நிஜமாகவே கண் கலங்கியிருந்தார். எனக்கே ஒரு நிமிஷம் அந்தப் பீஸ்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது. மறுநாள் முதலாளி கையெழுத்தோடு உத்தரவு வந்தது. கேஜின் ‘நோ கோ’ முனையில் பச்சை டேப் சுற்றி ஒட்டப்பட்டது. இனிமேல் ‘கோ’ முனை மட்டும். அது எந்தத் துளையிலும் போகும், துளை பெரிசாக இருந்தால் இன்னும் சௌகரியமாகப் போகும்.

அந்த வாரம் கம்பெனி நூற்றுக்கு நூறு தேர்ச்சி பெற்றது. கேக் வெட்டினார்கள். முதலாளி நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார்.

“இத்தனை வருஷமா நம்ம கம்பெனியில நூத்துக்கு ரெண்டு பீஸு தப்பா வந்துச்சு. ஏன் வந்துச்சு? தேடினோம், அதனால வந்துச்சு. தேடுறத நிறுத்தினோம், ஒண்ணு கூட இல்ல. எவ்வளவு எளிமையான விஷயம் பாருங்க. இத சொல்லிக் கொடுக்க நமக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கு.” அந்த ஆள் பணிவாகத் தலை குனிந்தார். பெருமை தாங்காமல் முதலாளி பச்சை டப்பாவிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகள் நிவேதிதாவின் ஸ்கூட்டருக்கு இதைத்தான் தன் கையாலேயே மாட்டப் போவதாகச் சொன்னார்.

நான் அந்தக் கேக்கைத் தின்றேன், மறைக்க மாட்டேன். ஆனால் என்னால் இருக்க முடியவில்லை. நாலாம் நம்பர் லேத்தில் பேரிங் தேய்ந்து, பீஸைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் லேசாக ஆடுகிறது என்று சத்தத்திலேயே எனக்குத் தெரியும். அதை ஓட்டுகிற தசரதனுக்கும் தெரியும். அவன் மெஷினில் கோளாறு என்று எழுதிக் கொடுத்தால் எதிர்மறை, ஒரு டிக் போய்விடும். அதனால் ‘மெஷின் உற்சாகமாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனதும் நான் டேப்பைப் பிரித்து, நாலாம் நம்பர் பீஸ்களைப் பழைய மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். பத்துக்கு மூன்று கழிந்தது. கழிந்ததை மேஜைக்கு அடியில் ஒரு எண்ணெய் டின்னில் சேர்த்தேன். கெட்ட பீஸை எடுத்து ஒளித்து வைக்க வேண்டிய நிலைமை ஒரு இன்ஸ்பெக்டருக்கு வந்ததே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் எத்தனை பார்க்க முடியும்? மீதியெல்லாம் பெட்டிக்குத்தான் போயின, என் சீலோடு.

முப்பத்தாறாம் நாள் அந்த டின்னைக் கண்டுபிடித்தார்கள். நிர்மல் கோபப்படவில்லை. எதிர்மறை எண்ணங்களை மனதுக்குள் அடக்கி வைப்பவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், டின்னில் அடக்கி வைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நாற்பத்தெட்டு நாள் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை என்று முடிவானது. மறுநாள் காலை, கண்ணாடிக்கு முன்னாலேயே ஒரு சின்ன நிகழ்ச்சி வைத்து, ஏழாம் நம்பர் சீலை என்னிடமிருந்து வாங்கி அசோக்கிடம் கொடுத்தார்கள்.

அசோக் டிஸ்பாட்ச் பையன். நூற்றுக்கு நூறு டிக் வாங்கியவன். பிறந்ததிலிருந்து யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவன். ஒரே முகூர்த்தத்தில் ஆவடியிலும் திருத்தணியிலும் இரண்டு கல்யாணத்துக்குப் பெண் வீட்டு வேலை பார்க்க ஒத்துக்கொண்டு, கடைசியில் இரண்டு இடத்திலும் திட்டு வாங்கியவன். சீலை வாங்கும்போது என்னைப் பார்த்து, மன்னிச்சுக்கோண்ணா என்று உதட்டை மட்டும் அசைத்தான். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. எல்லோருக்கும் தெரியும்படியே துடைத்துக்கொண்டேன். அது ஆனந்தக் கண்ணீர் என்று நிர்மல் மைக்கில் அறிவித்தார்.

என்னை மனப்பான்மை மேம்பாட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரிவு என்றால், டூவீலர் ஸ்டாண்டில் ஒரு புங்கமரம், அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மணிக்கு மூன்று நல்ல விஷயம் நோட்டில் எழுத வேண்டும். இங்கே எனக்கு ‘இல்லை’ சலுகையும் கிடையாது, மொத்தமாகவே பூஜ்யம். முதல் நாள் வெயில், காற்று, டீ என்று எழுதி ஓட்டினேன். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. மரத்தில் காகம் இருந்தும் என் மேல் எதுவும் படவில்லை என்று எழுதினேன். அதற்கு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் லோகநாயகி நான் நீட்டாமலேயே தட்டில் குழம்பு ஊற்றினாள். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

நாலாம் நாள் பிற்பகல் நாலு மணி இருக்கும். கேட் பக்கம் லாரி நின்று ஏற்றிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய லோடு, நாலாயிரத்து இருநூறு பீஸ், பெரும்பாலும் நாலாம் நம்பர் லேத் சரக்கு. அசோக் எல்லாப் பெட்டிக்கும் சீல் குத்தியிருந்தான். அந்த நேரத்தில் முதலாளி தனியாக ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார். டிரைவர் இல்லை, நிர்மல் இல்லை. சட்டையெல்லாம் வியர்வை. ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, கர்ச்சீப்பைப் பிரித்து அதிலிருந்து ஒரு புஷ்ஷை என் உள்ளங்கையில் வைத்தார்.

காலையில் நசரத்பேட்டை சிக்னலில் நிவேதிதாவுக்கு முன்னால் ஒரு டேங்கர் லாரி சட்டென்று நின்றிருக்கிறது. இவள் பிரேக் பிடித்தாள், லீவர் ஆடியது, வண்டி யோசித்தது. டேங்கருக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு கையளவு மிச்சம் வைத்து நின்றதாம். பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள் என்றார். வண்டியை அவரே பிரித்திருக்கிறார். லேத் ஓட்டினவர் கை, பிரித்ததுமே தெரிந்திருக்கும். ஆனாலும் என்னிடம் வந்தார்.

பழைய கேஜ் என் பையில்தான் இருந்தது, அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. கையைக் கழுவினேன். கேஜையும் பீஸையும் துடைத்தேன். பச்சை டேப்பைப் பிரித்து, ‘நோ கோ’ முனையைத் துளையில் வைத்தேன். அழுத்தவே வேண்டாம், தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. இரண்டு பேரும் பார்த்தோம்.

“சொல்லு டில்லி. எப்டி கீது?” என்றார். இருபத்தாறு வருஷ முதலாளித்தனம் போய்ப் பழைய பாஷை வந்திருந்தது.

எனக்கு நாலு நாள் புங்கமரத்துக் கோபம் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து நின்று, ஏழு விநாடி சிரித்தேன். “முன்னேற நல்ல வாய்ப்பு கீது சார்.”

“வெளாடாத டில்லி. என் பொண்ணு ஓட்ற வண்டி. ஆவுமா ஆவாதா, உன் வாயால சொல்லு.”

“இந்தப் பிரிவுல எனக்கு கோட்டாவே குடுக்கல சார். நீங்கதான் கையெய்த்து போட்டீங்க.”

“என் பங்குல எட்த்துக்கோ. மூணோ முப்பதோ, எட்த்துக்கோ. எனக்கு எல்லாரும் ஆமா ஆமான்றானுங்க நைனா. ஒருத்தன் கூட இல்லன்னு சொல்ல மாட்டேன்றான்.”

குரல் உடைந்திருந்தது. இதற்கு மேல் அவரை நிற்க வைத்திருந்தால் நான் மனுஷனில்லை.

“ஆவாது சார். ரிஜெக்ட்,” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நாற்பது நாளாகச் சிரித்த எந்த முகத்திலும் நான் பார்க்காத நிம்மதி அது. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புது பீஸ் ஒன்று நானே பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கொடுக்கிறேன் என்றேன். அதோடு அவர் போயிருப்பார். நான்தான் விடவில்லை.

“லாரில நாலாயிரத்து எரநூறு கீது சார். அதுவும் யாரோ பெத்த புள்ளைங்க வண்டிக்குத்தான் போவுது.”

முதலாளி கேட்டைப் பார்த்தார். லாரிக்காரன் எஞ்சினைப் போட்டிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஐம்பத்தெட்டு வயசு, சர்க்கரை வேறு. லாரிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். நிர்மல் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, முதலாளி லோடை ஆசீர்வதிக்கிறார் என்று குரூப்பில் போட்டோ போட்டார்.

நாலாயிரத்து இருநூறையும் இறக்கி, இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று கழிந்தது. ஒவ்வொன்றையும் வாய்விட்டு ரிஜெக்ட் என்று சொல்லித்தான் போட்டேன். வாய்க்கு அவ்வளவு ருசியாக இருந்தது. நாலாம் நம்பர் லேத்துக்குப் புது பேரிங் வந்தது. ஏழாம் நம்பர் சீலை முதலாளி தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் மேஜையில் வைத்தார். பேச்சில்லை, மைக்கில்லை. கிளம்பும்போது என் தோளை ஒரு தட்டுத் தட்டினார். பத்தொன்பது வருஷத்தில் அது முதல் தடவை. அன்றைக்கு ரயிலில் ஆவடி வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் அது எங்கள் கம்பெனி இல்லை. திங்கட்கிழமை காலை எல்லோரையும் வாசலில் கூட்டி முதலாளி பேசினார். அதற்குள் நிர்மல் அவரோடு இரண்டு மணி நேரம் பேசியிருந்தார்.

“இல்லைன்னு சொல்றது எவ்வளவு பெரிய சக்தின்னு போன வாரம் எனக்குத் தெரிஞ்சுது. இவ்வளவு நல்ல விஷயத்த ஒருத்தர் மட்டும், அதுவும் தேவைப்படும்போது மட்டும் செஞ்சா எப்படி? அதுல ஒழுக்கம் எங்க இருக்கு? எல்லாரும் செய்யணும். தினமும் செய்யணும். தேவை இருந்தாலும் இல்லாட்டியும் செய்யணும்.”

கார்டில் பதினோராவது பழக்கம் சேர்ந்தது. ஒவ்வொருவரும் ஒரு நாளைக்குப் பத்து ‘இல்லை’ சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் ஏழு விநாடி சிரிப்பு முடிந்ததும் ஏழு விநாடி முறைக்க வேண்டும், வரிசை மறுபடியும் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. செக்யூரிட்டி காலையிலேயே கணக்கை முடித்துக்கொள்ள, முதலில் வருகிற பத்துப் பேரை உள்ளே விட மாட்டேன் என்றார். அதில் ஒருவர் முதலாளி. அசோக் பாடுதான் பரிதாபம். யாரிடமும் சொல்ல வாய் வராமல், டீக்காரரிடம் மட்டும் நாளைக்குப் பத்துத் தடவை டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்குக் கவலை இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் புது பேரிங் போட்ட லேத் அருமையாக ஓடியது. போன வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ரெண்டாயிரத்துச் சொச்சம் பார்த்து ஆறே ஆறுதான் கழிந்தது. பச்சை டப்பா தளும்ப நிறைந்திருந்தது, பார்க்கவே மனசு குளிர்ந்தது. சீலை எடுத்துக் குத்தப் போகும்போது நிர்மல் கார்டோடு வந்தார். வழக்கம்போல அன்பாகத்தான் பேசினார்.

“அண்ணா, இன்னைக்கு ஆறு இல்லைதான் வந்திருக்குதுங்க. நல்ல பீஸுல ஏதாச்சும் நாலை எடுத்து ரிஜெக்ட்டுன்னு சொல்லிட்டீங்கன்னா பத்து நிறைஞ்சிருமுங்க.”

நான் சீலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

“முடியாது தம்பி.”

நிர்மல் முகமெல்லாம் மலர்ந்துபோய்க் கார்டில் ஒரு டிக் போட்டார்.

“ஏழுங்ண்ணா,” என்றார்.